கட்டிய கயிற்றின் கடன்



கிழக்கே புத்தளக் களப்பும் மேற்கே பெருங்கடலும் சூழ, நடுவே நீண்டு கிடக்குங் கற்பிட்டிக் குடாநாட்டிலே நுரைச்சோலை என்பது மணற்பாங்கானதோர் ஊர். வெங்காயமும் மிளகாயும் விளையுந் தோட்டங்கள் அங்கே ஒருபால். 2011ஆம் ஆண்டில் மின்னளிக்கத் தொடங்கிய நிலக்கரி அனல்மின் நிலையம் மற்றொருபால். இவ்விரண்டையுங் காணச் செல்வோர் அக்குடாநாட்டுத் தெருக்களிலே தப்பாமற் காண்பது மூன்றாவதொன்றும் உண்டு. அஃதாவது உரியவர் எவருமின்றித் திரியுங் கழுதைக் கூட்டம்.

இக்கழுதைகளின் முன்னோரை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மன்னாரிலும் அவை பன்னெடுங்காலம் பொதி சுமந்தன. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. கழுதையின் தேவை ஒழிந்தது. உடையவர் கயிற்றை அவிழ்த்துவிட்டனர். அவிழ்த்துவிடுதல் விடுதலையளித்தல் போலத் தோன்றும். ஆயின், இன்று சந்தையோரக் குப்பையிற் பொலித்தீன் பையை மென்று நிற்பதையும், இரவில் வண்டியால் மோதுண்டு கால் முறிந்து கிடப்பதையுங் கண்டவர், அதனை விடுதலை என்னார். கைவிடல் என்றே கூறுவர். மன்னாரிலே கழுதைகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் எழவேண்டியதாயிற்று என்பதே இக்கைவிடலுக்குச் சான்று.

தெருக் கழுதையைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பீராயின், அன்பர்களே, உம்முடைய வீட்டு முற்றத்தைச் சற்றே நோக்குங்கள். வாயிலிற் படுத்திருக்கும் நாய், அடுப்படியில் உறங்கும் பூனை, கொட்டிலில் நிற்கும் பசு, கூட்டிலிருக்குங் கிளி ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. நாளை உமக்குத் திருவடி நீழலிலிருந்து அழைப்பு வருமாயின், அடுத்த நாட் காலையில் இவற்றுக்கு உணவிடுவார் யார்? இவ்வினாவுக்கு ஒரு பெயரை உடனே கூறவல்லவர் நம்முள் எத்தனை பேர்?

பிறர்மேற் குற்றஞ் சுமத்த யாம் இதனைக் கூறவில்லை. எம் அன்னையார் சிவபதமடைந்தபொழுது, காடாற்று முதலாக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஈறாக ஒரு கிரியையுங் குறைவின்றிச் செய்தோம், அடியார்க்கு அமுதளித்தோம். அன்னையார் கன்றாயிருந்த நாள் முதல் வளர்த்த சிவலைப் பசுவொன்று கொட்டிலில் நின்றது. பால் வற்றிய பசு. முதற் சில நாள் அது வைக்கோலில் வாய் வையாது, அன்னையார் வரும் வழியையே நோக்கிக் கதறிக்கொண்டு நின்றது. அந்தியேட்டி முடிந்தபின் உடன்பிறந்தார் யாவருங் கூடி, “இதனை யார் பார்ப்பது?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, ஈற்றில் மாட்டுத் தரகர் ஒருவருக்கு விற்றுவிட்டோம். எதற்காக வாங்குகின்றீர் என்று அவரை நாம் கேட்கவில்லை. கேட்டால் விற்கமுடியாது என்பதனாலேயே கேட்கவில்லை. அப்பணத்தைக் கொண்டு கோயிலுக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்தோம். அவ்விளக்கு இன்றும் எரிகின்றது. அதன்முன் நின்று கும்பிடும்போது எமது கண் தாழ்ந்துவிடுகின்றது.

அன்னையார் அப்பசுவின்மேல் வைத்த அன்பிற் குறைவில்லை. தமக்குப் பின் அதற்கு யார் என்பதை மாத்திரம் அவர் சொல்லி வைக்கவில்லை. நாமுங் கேட்டு வைக்கவில்லை. அந்த ஒரு சொல் இல்லாமையால் ஓருயிர் கைவிடப்பட்டது.

நம் சமயம் இதுபற்றி யாது கூறுகின்றது? பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் ஆன்மாவுக்குப் பசு என்றே பெயரிட்டது சித்தாந்தம். நால்வகைத் தோற்றத்தும் எழுவகைப் பிறப்பினும் எண்பத்துநான்கு நூறாயிர யோனிபேதத்தும் உழலும் ஆன்மா ஒரே தன்மைத்து, உடம்பே வேறு. ஆகவே கொட்டிலில் நிற்பது நம்மோடு ஒத்த ஓருயிர். அவ்வுயிரை நாம் கயிற்றாற் கட்டினோம். தானே இரை தேடும் ஆற்றலை அதனிடமிருந்து எடுத்து, நம் கையையே அதற்கு உலகமாக்கினோம். கட்டும்போது நாம் ஏற்ற கடனுக்கு எல்லை நமது ஆயுளன்று, அவ்விலங்கின் ஆயுளே. நாம் முன்னே இறந்துவிட்டோம் என்பதனால் அக்கடன் தீர்ந்துவிடாது. இதுவே இன்று யாம் வற்புறுத்தும் ஒரு பொருள்.

திருமூல நாயனார் புராணத்தைச் சேக்கிழார் பெருமான் அருளியவாற்றை நினைந்து பாருங்கள். திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரிலே மூலன் என்னும் இடையன், மேய்ச்சல் நிலத்தில் இறந்து வீழ்ந்தான். அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சூழ்ந்து மோந்து கதறிச் சுழன்றன. அவ்வழி வந்த சிவயோகியார் அதனைக் கண்டார். பசுக்களின் துயர் நீங்கவேண்டுமாயின் மேய்ப்பான் எழவேண்டும் என்று துணிந்து, தம்முடலை ஓரிடத்திற் சேமித்து, மூலன் உடலிற் புகுந்து எழுந்தார். எழுந்தவர் உடனே தம் வழியே போய்விட்டாரல்லர். அன்று முழுதும் அவற்றை மேய்த்து, நீரருந்தச் செய்து, நிழலில் இருத்தி, மாலையில் ஊர் சேர்த்து, ஒவ்வொன்றும் தன் தன் மனை புகுந்த பின்னரே ஓய்ந்தார். இதனால் தமது பழைய உடலையே அவர் இழக்க நேர்ந்தது. மேய்ப்பானை இழந்த விலங்கின் துயரிலிருந்தே நமக்குத் திருமந்திரம் கிடைத்தது என்பதை மறவாதிருப்போமாக. பசுவுக்குச் சிறிது புல்லேனும் ஈதல் எவர்க்கும் எளிய அறம் என்று உலகுக்கு உரைத்தவரும் அவரே.

திருவிளையாடற் புராணத்திலும் ஒரு சான்றுண்டு. பாண்டியன் வேட்டையிற் பன்றியும் பெட்டையும் மடிந்தபோது, பன்னிரண்டு குட்டிகள் தாயின்றித் தவித்தன. சோமசுந்தரக் கடவுள் தாமே தாய்ப்பன்றியாகி வந்து பாலூட்டினார். அவ்வொருநாட் பாலோடு அவர் நின்றுவிடவில்லை. அக்குட்டிகளைப் பாண்டியனுக்கு மந்திரிகளாக்கி, ஈற்றிற் கயிலையிலுஞ் சேர்த்தார். அநாதையான உயிருக்கு ஒரு வேளை உணவு போதாது. வாழ்நாள் முழுமைக்கும் வழி செய்தலே இறைவன் காட்டிய நெறி.

இங்கே சிலர், “கல்லினுள் தேரைக்கும் உணவளிப்பவன் இவற்றைக் காவானோ?” என்பர். காப்பான், ஐயமில்லை. ஆயின் மூலன் பசுக்களைக் காக்க ஒரு யோகியின் உடல் வேண்டியிருந்தது. திருவருள் ஒரு கையின் வழியாகவே வரும். அக்கையை முன்னரே தேடி வைக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கின்றான்.

வேறு சிலர், “விலங்கின்மேற் பற்று வைத்தல் பாசமன்றோ?” என்பர். மானை வளர்த்த பரதமுனிவர் இறுதியில் அதனையே நினைந்து, மானாய்ப் பிறந்த கதையையுங் காட்டுவர். அக்கதை நம் கருத்துக்குத் துணையேயன்றிப் பகையன்று. அம்முனிவர் இறக்கும்போது “இதற்கு இனி யார்?” என்னுங் கவலை அவர் நெஞ்சிற் புகுந்தது. அதற்கு ஒருவரை முன்னமே நியமித்திருந்தாரேல் அக்கவலைக்கு இடமேது? கடைசி மூச்சில் திருவைந்தெழுத்து நாவில் நிலைபெற வேண்டுமாயின், கொட்டிலைப் பற்றிய கவலை முன்னரே தீர்ந்திருத்தல் வேண்டும். கைவிடுதல் துறவாகாது, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விடுபடுதலே துறவு.

இன்னுமொன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளப் பகுதியிலே தஞ்சம் புகுந்தனர். 1995இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டு நீங்கினர். தம் ஆடுமாடுகளை விட்டுவந்த அவர்மேற் குற்றமில்லை. அவர்க்கு அவகாசம் அளிக்கப்படவில்லை. அவகாசம் இருந்துஞ் செய்யாத நம்மேலேயே குற்றம்.

இனிச் செய்யவேண்டுவன எவை? முதலாவது, ஆள். உமக்குப் பின் அவ்வுயிரை ஏற்பவர் இன்னார் என்று துணிந்து, அவரை நேரிற் கேட்டு, மனமார்ந்த இசைவைப் பெறுங்கள். “மக்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்பது இசைவன்று. அவருக்கும் இடையூறு நேரலாமாதலின் இரண்டாமவர் ஒருவரையுங் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, பொருள். தீனி, மருந்து என்பவற்றுக்கு மாதந்தோறும் ஆகுஞ் செலவைக் கணக்கிட்டு, எஞ்சிய ஆயுளாற் பெருக்கிப் பாருங்கள். நாய் பத்துப் பதினைந்தாண்டு வாழும். பசு இருபதாண்டளவும் வாழும். கழுதை நன்கு பேணப்படின் முப்பதாண்டுங் கடக்கும். அன்பை மாத்திரம் விட்டுச்சென்று செலவைப் பிறர் தலையிற் சுமத்துதல் முறையன்று.

மூன்றாவது, எழுத்து. விலங்கு சொத்துடைமை ஏற்கமாட்டாது. ஆதலால் அதன் பெயருக்குப் பணம் எழுதுதல் பயன்படாது. பிரசித்த நொத்தாரிசை அணுகி, மரணசாதனத்தில் விலங்கை இன்னாருக்கென்றும், அதன் பராமரிப்புக்காக இவ்வளவு பொருளையும் அவருக்கேயென்றும் எழுதுவித்தல் வேண்டும். பெருந்தொகையாயின், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி தருமசாதனம் அமைத்தல் கூடுமோ என்பதையும் அவரிடங் கேட்டறிக.

நான்காவது, முதல் மூன்று நாள். மரணசாதனம் நீதிமன்றத்தில் நிறைவேறப் பன்மாதமாகும். விலங்கின் பசியோ அன்று மாலையே வந்துவிடும். ஆகையால் அயலவர் ஒருவரிடந் திறவுகோலையும், இன்ன வேளையில் இன்ன உணவு என்னுங் குறிப்பையும் கொடுத்து வையுங்கள். முதுமையிற் புதிதாக வளர்க்க விரும்புவோர் இளங்குட்டியைத் தேடாது, பிறரால் விடப்பட்ட முதிய விலங்கொன்றை ஏற்பாராயின் இரட்டை அறமாம்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்டாற் போதும் என்று கருதாதீர்கள். புல்லுக்கு வழி செய்யாது பசுவைத் தானஞ்செய்தல், நம் கடனைச் சிவன் தலையில் ஏற்றுதலாகும். நம் முன்னோர் அவ்வாறு செய்தாரல்லர். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களைப் பாருங்கள். ஒரு திருவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. அவற்றைப் பேணும் இடையர் இன்னார். அவர் நாடோறும் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு என்று கல்லில் வெட்டி வைத்தனர். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியன சேர்த்துத் தொகை குறையாது காத்தனர் என்பது கருத்து. ஆள், அளவு, காலம், எழுத்து என்னும் நான்கும் அங்கே அமைந்திருந்தன. விளக்கின்பொருட்டு ஆட்டைக் காக்கத் தெரிந்த மரபினராகிய நாம், ஒரு பசுவை விற்று விளக்கு வாங்கினோமே என்பதை நினைக்கும்போதுதான் எம் நெஞ்சு சுடுகின்றது.

பிற நாட்டாரும் இதனை அறிந்து செய்துள்ளனர். யப்பானிலே கச்சிக்கோ என்னும் நாய், 1925இல் இறந்த தன் தலைவரை எதிர்நோக்கி, 1935இல் தான் இறக்குமளவும் புகையிரத நிலையத்துக்கு வந்து காத்திருந்ததாக உலகமே போற்றுகின்றது. போற்றத்தக்கதே; ஆயினும் அவ்வுயிர் நமக்கு விடுக்கும் வினா, அதன் நன்றியைப் பற்றியதன்று; நம் நன்றியைப் பற்றியது. இங்கிலாந்திலே வயலற் பில்பின் என்னும் அம்மையார் கைவிடப்பட்ட கழுதைகளைப் பேணிவந்தார். 1974இல் அவர் இறந்தபோது, 204 கழுதைகளை, 1969இற் கழுதைச் சரணாலயம் நிறுவிய எலிசபெத் சுவென்சன் என்னும் அம்மையாருக்கு உரிமையாக்கிச் சென்றிருந்தார். அவரும் அச்சுமையை ஏற்றார். அங்கே ஒருத்தியின் இறப்போடு 204 உயிர்களின் காப்பு அறுந்துவிடவில்லை. கற்பிட்டித் தெருவிலே கால் முறிந்து கிடக்குங் கழுதைக்கும் அவற்றுக்கும் பிறப்பால் வேற்றுமையில்லை. எழுதி வைத்தவர் இருந்தமையும் இல்லாமையுமே வேற்றுமை.

மெய்யன்பர்களே, வயிரவர் சந்நிதியில் நாயைக் கண்டும், நந்திதேவர் முன்னே வீழ்ந்து வணங்கியும் வருகின்றோம். அவ்வணக்கம் வீட்டு வாயிலிலுஞ் செல்லுமாக. இன்றிரவு உம் கையால் உணவிட்டபின், அவ்வுயிரின் கண்ணைச் சற்றே நோக்கி, “எனக்குப் பின் உனக்கு இன்னார்” என்று ஒரு பெயரை உம் மனத்துட் கூறிப் பாருங்கள். பெயர் வருமாயின் நாளையே அதனை எழுதி வையுங்கள். வாராதாயின் நாளையே அதனைத் தேடப் புறப்படுங்கள். பசுபதி என்னுந் திருநாமம் உடையவன் திருவருள் உமக்குத் துணைநிற்க.

சிவம்.