கோலாலம்பூரா, ஈப்போவா: என் கடமை எங்கே?

ஏழு வருடமாக பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் ஈப்போ, புந்தோங். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு ஈப்போவிலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை இருப்பதாகத் தெரிய வந்தது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட ஆயிரத்து நூறு வெள்ளி குறைவு.

போகலாமா, வேண்டாமா? நம் இளைஞர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். "கே.எல்.லை விட்டுட்டு யாராவது ஈப்போவுக்குத் திரும்பிப் போவாங்களா, ப்ரோ?" மீதிப் பேர், "அம்மாதான் முதல் தெய்வம், உடனே கிளம்புங்க" என்றார்கள். இரண்டு பதிலும் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டன. எனக்கோ எட்டு மாதம் தூக்கம் போனது. உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வரும். ஊர் தைப்பிங்காக இருக்கலாம், கேமரன் மலையாக இருக்கலாம். அதனால் நான் யோசித்ததை யோசித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஈப்போவைப் பற்றி இரண்டு வார்த்தை. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவில் நகரம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த ஊர் அது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் மூடின. மூன்று வருடம் கழித்து, 1988ல், ஈப்போவுக்கு மாநகர் என்ற தகுதி கிடைத்தது. பட்டம் வந்த நேரத்தில் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னுடன் படித்த தமிழ்ப் பையன்களில் இன்று ஊரில் இருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மலை ஊர் என்றதும் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 1973ல் குனோங் செரோவில் பாறை பெயர்ந்து விழுந்து, அடிவாரத்தில் குடியிருந்தவர்கள் செத்துப்போனார்கள். அதே குனோங் செரோவில்தான் எங்கள் கல்லுமலை முருகன் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து காவடி எடுத்துக்கொண்டு அங்கே நடக்கும்போது, அந்தக் கதையைப் பெரியவர்கள் யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். மலை காப்பாற்றும், விழவும் செய்யும்.

அதேபோல, பெரிய நகரம் என்றதும் பாவம் என்றும் நினைக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நம் கூட்டங்களில் கோலாலம்பூரைத் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது: ஜாம், டோல், பொல்யூஷன், பாசமில்லாத மனிதர்கள். சரி, எல்லாம் உண்மைதான். ஆனால் நான் சமயம் படித்தது இங்கேதான். ஊரில் இருந்தவரை எனக்குக் காவடி தெரியும், கூழ் ஊற்றுவது தெரியும், அவ்வளவுதான். கீதையை முதன்முதலாக முழுசாகப் படித்தது பிரிக்பீல்ட்ஸில். நடக்கிற தூரத்தில் விவேகானந்த ஆசிரமம், கந்தசுவாமி கோயில், நுண்கலைக் கோயில். ஒரு சனிக்கிழமைக்குள் சொற்பொழிவு கேட்டு, பஜனை பாடி, வாழையிலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வரலாம். 1881ல் தீயும் வெள்ளமும் அழித்த கோலாலம்பூரைத் திரும்பக் கட்டச் செங்கல் சுட்ட இடம் இது. என்னைக் கொஞ்சம் சுட்டுக் கெட்டியாக்கியதும் இந்த இடம்தான்.

அந்தக் காலத்தில்தான் மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் தர்மவியாதன் கதையைப் படித்தேன். கௌசிகன் என்ற அந்தணர் வேதம் கற்க வீட்டை விட்டுப் போகிறார். தவத்தில் சக்தியும் வருகிறது, கூடவே கர்வமும் வருகிறது. ஒரு குடும்பப் பெண் அவரை மிதிலை நகருக்கு அனுப்புகிறாள். அங்கே சந்தையில், இறைச்சிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அவருக்குத் தர்மத்தை உபதேசிக்கிறார். விவேகானந்தரும் கர்ம யோகச் சொற்பொழிவில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். நாம் பொதுவாக "எந்தத் தொழிலும் தாழ்ந்ததல்ல" என்பதோடு கதையை நிறுத்திவிடுவோம். மகாபாரதம் அங்கே நிறுத்தவில்லை. கடைசியில் வியாதன் கௌசிகனிடம், உன் தாய் தந்தையிடம் அனுமதிகூடக் கேட்காமல் வந்துவிட்டாய், உன் பிரிவை நினைத்து நினைத்தே அவர்கள் கண் தெரியாமல் போய்விட்டது, திரும்பிப் போ என்கிறார்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒன்று உண்டு. வியாதன் காட்டில் இல்லை. பெரிய நகரத்தில், நெரிசலான சந்தையில் இருக்கிறார். அவருடைய பெற்றோர் அவருடன் அதே வீட்டில் இருக்கிறார்கள். அவருக்கு நகரம்தான் தர்மம். கௌசிகனுக்குத் திரும்பிப் போவதுதான் தர்மம். இருவரும் நின்று பேசிய இடம் ஒன்றே. அப்படியானால் எந்த ஊர் நல்லது என்று நான் இத்தனை மாதமாக வாடகை, சம்பளம், காற்று என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்ததே தப்புக் கணக்கு. யார் எனக்காகக் காத்திருக்கிறார்கள், நான் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அதைக் கேட்டுப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் நான் உதவி செய்யும் ஞாயிறு சமய வகுப்பில் ஆசிரியர்கள் ஏழு பேர். நான் ஒரு வாரம் வராவிட்டால் வாட்ஸ்அப்பில் "நோ ப்ராப்ளம் அண்ணே" என்று ஒரு மெசேஜ் வரும். புந்தோங்கில் நான் சின்ன வயதில் தேவாரம் கற்ற வகுப்பு மூடி நான்கு வருடமாகிறது. சொல்லிக்கொடுத்த ஐயா தவறிவிட்டார், அவருக்குப் பின் ஆளில்லை. பாய்கள் இன்னும் கோயில் ஸ்டோரில் சுருட்டி வைத்தபடியே இருக்கின்றன.

"அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே" என்று பலர் கேட்டார்கள். செய்து பார்த்துவிட்டோம். கிள்ளானில் இருக்கும் என் அக்கா அம்மாவை மூன்று மாதம் தன் வீட்டில் வைத்திருந்தாள். ஒன்பதாவது மாடி ஃப்ளாட். ஜாலான் தெங்கு கிளானா பக்கம்தான். பூக்கடை, புடவைக்கடை, கோயில், எல்லாம் கிட்ட. எங்கள் ஊரைவிடத் தமிழ்ச் சத்தம் அதிகம். அக்கா தங்கமாகப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் அம்மா பேச்சைக் குறைத்துவிட்டார். ஒருநாள் நான் கொம்யூட்டர் பிடித்துப் போனபோது சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர், "இங்க எல்லாம் இருக்குடா. என்னைத் தெரிஞ்சவங்கதான் யாரும் இல்ல" என்றார். புந்தோங்கில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாரியம்மனுக்கு மாலை கட்டுவது அம்மாதான். கிள்ளானில் மாலை கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அம்மாவுக்கும் ஒரு கடமை இருக்கிறது, அதைப் பிடுங்கி எங்கள் வசதிக்காக ஒரு ஃப்ளாட்டில் வைத்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பெற்றோரைக் கவனிப்பது என்றால் சோறும் மருந்தும் மட்டும்தான் என்று நினைக்கிறோம் இல்லையா?

இதுவரை படித்தவர்கள் நான் எல்லாரையும் ஊருக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். இல்லை. நம் இயக்கத்துத் தங்கை ஒருத்தி கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது இங்கே தாதியாக வேலை செய்கிறாள். அவளிடம் என் கௌசிகன் கதையைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கு. எங்க வீடு தோட்டத்து வீடு. அப்பா வேலை முடிஞ்சா சாவியைக் கொடுத்துட்டு வெளிய வரணும். நான் இங்க ஓடி செஞ்சு சேர்க்கிற காசுலதான் அவங்களுக்கு ஒரு வீடு வாங்கணும்." கொஞ்சம் நிறுத்தி இன்னொன்றும் சொன்னாள்: "அங்க நான் யார் வீட்டுப் பொண்ணு, என்ன ஜாதின்னுதான் கேப்பாங்க. இங்க என் பேரைக் கேக்குறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. நம் தாத்தா பாட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்களைக் கேட்டுக் கொண்டு வரவில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நம் அப்பா அம்மாக்களைக் கேட்டு வெளியேற்றவில்லை. எங்கே வாழ்வது என்று உட்கார்ந்து யோசிக்கும் வசதி நம்மில் சிலருக்குத்தான், அதுவும் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அந்த வசதி இல்லாத ஒரு பெண்ணிடம் போய் தர்மம் பேசியது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் இந்த நகரத்தில் இருப்பதே அவளுடைய பெற்றோர் சேவை.

வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் ஒருவன் பேண வேண்டியவர்கள் என்று ஐந்து பேரைச் சொல்கிறார். முன்னோர், தெய்வம், விருந்தினர், உறவினர், ஐந்தாவதாகத் தான். அந்த ஐந்தாவதை நம் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தன்னையும் பேண வேண்டும் என்பது வள்ளுவர் கணக்கில் சுயநலம் இல்லை. அந்தத் தங்கை தன் பெயரோடு வாழ விரும்புவதும் அறத்துக்குள்ளேதான் வருகிறது.

கடைசியாக என்னைப் பற்றிய சந்தேகம். எழுதவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. நான் வேலை செய்யும் இடத்தில் இரண்டு முறை பதவி உயர்வு என்னைத் தாண்டிப் போனது. அப்படியென்றால் நான் அம்மாவுக்காகப் போகிறேனா, தோற்றுப்போய் ஓடுகிறேனா? கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் சொல்லும் காரணங்களைப் படித்துப் பாருங்கள். குலம், பெரியோர், பாவம் என்று ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். தர்மத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர் வில்லைக் கீழே வைக்கிறார். கண்ணன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பதவி உயர்வு கிடைத்திருந்தால் போவாயா?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உண்மையான பதில்: இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தள்ளிப்போட்டிருப்பேன். என் நோக்கம் முழுக்கச் சுத்தமில்லை. ஆனால் நோக்கம் முழுக்கச் சுத்தமாகும் வரை காத்திருந்தால் அம்மாவின் முழங்கால் காத்திருக்காது. கலப்பட மனத்தோடு செய்தாலும் கடமை கடமைதான் என்று முடிவு செய்தேன். இது சரியா என்று உங்களில் யாராவது எனக்கு எழுதுங்கள்.

தீபாவளிக்கு இடிஎஸ் பிடித்து ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஏன்டா, எல்லாரும் அங்க போறாங்க, நீ மட்டும் இங்க வந்து என்னா பண்ணப் போற? அக்கம்பக்கத்துல என்னா நினைப்பாங்க?" என்றார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பாவின் பழைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அறைக்கு இந்த மாதத்தோடு நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். புந்தோங் வகுப்பு தைப்பூசம் முடிந்த முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. இதுவரை நான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஈப்போக்காரர்கள் யாராவது விடுமுறைக்கு வந்தால் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள், எனக்குப் பண் சரியாக வராது.