யாருடைய நாலு மணி நேரம்

வேலை பற்றித் தமிழில் எழுத்து இருக்கிறது. வேலையின்மை பற்றி அதைவிட அதிகம். வேலைக்குப் போய்ச் சேரும் வழியில் கழிகிற பொழுது யாருடைய கணக்கில் வருகிறது என்று யோசித்தவர்கள் குறைவு. புதுமைப்பித்தன் யோசித்திருக்கிறார். கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில் நின்றுகொண்டு டிராமா, பஸ்ஸா, எதில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சும், எதில் போனால் அரைக் கப் காப்பிக்கு மிஞ்சும் என்று மனசுக்குள் பெருக்கிக் கழித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கின் நடுவில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இதைச் சிரித்துப் படித்துவிட்டுக் கடவுள் விஷயத்துக்குப் போய்விடுவது வழக்கம். வீடு திரும்புகிறவனின் சில்லறைக் கணக்கு தத்துவத்துக்குக் கீழ்ப்பட்ட விவகாரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. கடவுளுக்கே அந்தக் கணக்கைக் குறுக்கிட்டுத்தான் கதைக்குள் நுழைய முடிந்தது என்பதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னுடைய கணக்கு இது. அரக்கோணத்தில் சொந்த வீடு. ஊருக்குள்ளேயே ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 22,000. போக வர அரைமணி. இதே வேலைக்குச் சென்னையில், சென்ட்ரலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், 34,000 தருவதாகச் சொல்கிறார்கள். அரக்கோணத்துக்கும் சென்ட்ரலுக்கும் 69 கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை, மின்சார ரயிலில், போக வர நாலரை மணி. இப்போதைய அரைமணியைக் கழித்தால் தினம் நாலு மணி அதிகம். மாதம் 25 நாளுக்கு 100 மணி. 12,000-ஐ 100-ஆல் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய். இப்போது எட்டு மணி வேலைக்கு எனக்குக் கிடைப்பது மணிக்கு 110. ஆக, பேரேடு எழுதுவதைவிட ரயிலில் உட்கார்ந்திருப்பதற்குப் பத்து ரூபாய் கூடுதல். எல்லாவற்றையும் சேர்த்து, 300 மணிக்கு 34,000 என்று வகுத்தால், மணிக்கு 113 ரூபாயும் சில்லறையும். சீசன் டிக்கெட் போனால் அந்த மூன்று ரூபாயிலும் கொஞ்சம் குறையும். சென்னைக்கே குடிபோவது என்ற யோசனையை வீட்டு வாடகை முதல் நாளே முடித்துவைத்துவிட்டது.

கணக்கு நேராகத்தான் வருகிறது. நேராக வந்ததாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. இந்த வகுத்தலுக்கு ஒரு மணி இன்னொரு மணியைப் போலிருக்க வேண்டும். அரிசியைப் படியால் அளப்பதுபோல, எந்தப் படியில் எந்த அரிசி விழுந்தாலும் சரி என்று இருக்க வேண்டும். பெர்க்ஸன் 1889-லேயே இதை மறுத்தார், கடிகாரத்தின் காலம் வேறு, வாழப்படும் காலம் வேறு என்று. ஆனால் பெர்க்ஸனைச் சொல்லிச் சம்பள உயர்வை நிராகரிப்பவன் சந்தேகத்துக்குரியவன். வேறு தளத்தில் பார்க்கலாம்.

ஆடம் ஸ்மித் 1776-ல் சொன்ன ஒரு விஷயம் இங்கே பொருந்தும். விரும்பத்தகாத வேலைக்குக் கூலி ஏறித்தான் ஆகவேண்டும். கஷ்டத்தைச் சந்தை பணமாக ஈடுகட்டிவிடும். இது உண்மையானால் தூரத்திலிருந்து வருகிறவன் அந்தத் தூரத்துக்கு ஈடாக எதையோ பெற்றிருக்கிறான் என்று ஆகும், அதிகச் சம்பளமோ குறைந்த வாடகையோ. ப்ரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டுட்ஸர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஜெர்மன் குடும்பங்களின் தகவல்களை வைத்து இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். ஈடு கிடைக்கவில்லை, பயணம் நீள நீள மனிதர்கள் தங்கள் வாழ்க்கைமேல் கொண்ட திருப்தி குறைந்துகொண்டே போயிற்று. 2004-ல் டெக்ஸாஸில் 909 வேலை பார்க்கும் பெண்களிடம் முந்தின நாளை மணிவாரியாக நினைவுகூரச் சொல்லி டேனியல் கானிமனும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்விலும் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. இவை எனக்கு உதவுகின்றன, ஓரளவுக்கு. எனக்குத் திருப்தி குறையும் என்று இவை எச்சரிக்கின்றன. ஆனால் என் கேள்வி என் திருப்தி பற்றியது மட்டுமில்லை. அந்த நாலு மணி யாருடையது என்பதுதான் கேள்வி. திருப்தியை அளக்கும் கோலுக்கு அந்தக் கேள்வி எட்டாது.

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தனக்கு என்று ராபர்ட் ஓவன் நாளைப் பிரித்தார். சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடியபோது இந்தப் பிரிவினை உலகத் தொழிலாளர்களின் பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது. மில்லுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தவர்களுக்கு அது பொருந்திய பிரிவினை. பெரம்பூர் மில்லின் சங்குச் சத்தம் கேட்கும் எல்லைக்குள்தான் அந்தத் தொழிலாளிகளின் சேரிகளும் தெருக்களும் இருந்தன. மில் இப்போது இல்லை. அதைத் தாண்டிப் போகும் ரயிலில் இருக்கிறவனுக்கு ஓவனின் மூன்றாவது எட்டு எங்கே போயிற்று? முதலாளி அதை வாங்கவில்லை, அதற்குக் கூலியும் தரவில்லை. தொழிலாளியும் அதை வைத்துக்கொள்ளவில்லை. இவான் இல்லிச் இந்த மாதிரிக் கூலியில்லாத உழைப்பை நிழல் வேலை என்றார். கூலி வேலை நடப்பதற்காகவே நடந்தாக வேண்டிய, ஆனால் வேலை என்று யாரும் பெயர் சொல்லாத வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 1971-ல் வேலைக்குப் போகும் வழியில், தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, விபத்தில் காயம்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கை 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது வேலையின்போது நேர்ந்த காயமல்ல என்று தீர்ப்பு. ஒரு கிலோமீட்டரைப் பற்றி முடிவு சொல்ல இருபத்தைந்து வருஷம். 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, சூழ்நிலைக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையின் விபத்தாகவே கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அதன் தர்க்கத்தைப் பாருங்கள். முழு உடம்போடு போய்ச் சேர்ந்தால் அந்த நேரம் என்னுடையது. வழியில் கால் போனால் மட்டும் அது நிறுவனத்தின் நேரம்.

இந்தப் பாதைக்கே ஒரு பழமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு அரக்கோணம் வழியாகத்தான் ஓடியது. வாகனத்தின் வேகம் கூடினால் பயண நேரம் குறையும் என்று நினைக்கிறோம். மனிதன் எந்தக் காலத்திலும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே போக்குவரத்துக்கு ஒதுக்குகிறான், வேகம் கூடினால் தூரம்தான் கூடுகிறது என்று சிஸாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். சராசரி மனிதனின் ஒரு மணியில் நம் அரக்கோணத்து ஆசாமி திருவள்ளூரைத்தான் தாண்டியிருப்பான். (வழியில் திருவாலங்காடு ஸ்டேஷன் வருகிறது. காரைக்கால் அம்மையார் அங்கே தலையால் நடந்து வந்தார் என்கிறது பெரியபுராணம். தூரத்தைச் செலவென்று நினைக்காத ஒரே பயணி அவராகத்தான் இருக்க வேண்டும்.)

இதுவரை சொன்னதில் நான் பாதிக்கப்பட்டவனாகவே தோன்றுகிறேன். அது முழு உண்மை அல்ல. அரக்கோணத்தில் புறப்படும் வண்டியில் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் சென்ட்ரலிலும் கொஞ்சம் முன்னால் போனால் கிடைக்கும். ஆவடிக்கு மேல் நெஞ்சோடு நெஞ்சு இடிக்க நிற்கிறவர்கள் நடுவிலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சேர்த்துத் தினம் மூன்றரை மணி நேரம் என்னால் படிக்க முடியும். வீட்டில் எனக்கு அரைமணி கிடைப்பதில்லை. வாலஸ் ஸ்டீவன்ஸ் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் ஹார்ட்ஃபோர்டில் தினம் இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸுக்கு நடந்துபோய், நடக்கும்போதே கவிதைகளை உருவாக்கினார். காஃப்கா மாறான வழியைத் தேர்ந்தார். நாளெல்லாம் பிடித்துவைத்த முதல் கம்பெனியை ஒரு வருஷத்துக்குள் விட்டுவிட்டு, பகல் இரண்டு மணிக்கு வேலை முடிகிற விபத்து இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனத்தில் 1908-ல் சேர்ந்தார். ஒருவர் வழியை எழுத்தாக்கினார், இன்னொருவர் வழியையும் வேலையையும் சுருக்கி எழுத்துக்கு இடம் பிடித்தார். இவர்களைத் துணைக்கு அழைக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. 12,000 ரூபாய் என்பது சாக்கோ? நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு நேரம் ரயிலில் இருக்கிறது. குடும்பத்துக்காகச் சம்பாதிக்கப் போகிறேன் என்ற பெயரில், குடும்பத்திடமிருந்தே அதை எடுத்துக்கொள்ள ஒரு கௌரவமான ஏற்பாடு கிடைத்திருக்கிறது. யாரும் குற்றம் சொல்ல முடியாது. களைத்துப்போய் வருகிறவனாகவே எல்லாருக்கும் தெரிவேன்.

எங்கிருந்து எடுக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் சொட்டு மருந்து. ஒரு சொட்டு விட்டதும் மூக்கோரமாகக் கண்ணின் முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், மருந்து தொண்டைக்கு இறங்காமல். இரண்டு கண்ணுக்கும் அதேபோல. அந்த நாலு நிமிஷமும் கண்ணை மூடியபடி அவள் பேசுவாள். நாளின் வேறு எந்த நேரத்திலும் சொல்லாததைச் சொல்வாள், செத்துப்போன தம்பியைப் பற்றி, விற்ற நிலத்தைப் பற்றி. புது வேலையில் காலை ஏழே காலுக்குக் கிளம்பி இரவு ஏழே முக்காலுக்குத் திரும்புவேன். காலைச் சொட்டு என்னிடம் இருக்கும். மாலைச் சொட்டு மனைவியின் கைக்குப் போகும். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வந்து, அடுப்பும் பிள்ளையின் வீட்டுப்பாடமுமாக நிற்கிற நேரம் அது.

அம்மாவிடம் சொன்னேன். “போயேன்டா. சொட்டு விட யாரா இருந்தா என்ன, கைதானே” என்றாள். பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் பொருளாதாரம் சொல்வதும் இதேதான். எந்தக் கையானாலும் கை, எந்த மணியானாலும் மணி. நான் ஒப்புக்கொள்ள மறுத்த அந்தச் சமன்பாட்டை எனக்காக அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். மனைவி “உங்க இஷ்டம்” என்றாள். தமிழில் இதைவிடக் கடினமான வாக்கியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சம்மதம் போல் இருக்கும், சம்மதம் அல்ல. மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவும் அதில் எதுவும் இல்லை. தீர்மானத்தின் பாரம் முழுவதையும் எதிராளியின் தலையில் இறக்கிவிட்டு அது அடுப்படிக்குத் திரும்பிவிடும்.

தார்மீகப் பிரச்னை இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். பாதிக்கப்படப் போகிறவர்களின் சம்மதம் இருந்தால் ஒரு காரியம் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்தச் சம்மதத்தைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாத இடத்தில் அவர்கள் இருந்தால்? அம்மா “போகாதே” என்றால் மாதம் 12,000 ரூபாய் அவள் கண்ணின் விலையாகிவிடும். அந்தக் கணக்கு அவளுக்கு என்னைவிட வேகமாக வரும். அவளால் ஒரே ஒரு பதிலைத்தான் சொல்ல முடியும் என்று தெரிந்துகொண்டே அவளிடம் கேட்கப்படுகிற கேள்வி கேள்வியே அல்ல, ஒரு சடங்கு. கேட்காமலே தீர்மானித்தால் அது அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்குமா என்று தேடுகிறேன். 12,000 எதற்கு என்பதையும் மறந்துவிட முடியாது. பிள்ளையின் காலேஜ் இன்னும் இரண்டு வருஷத்தில் வருகிறது. அப்போது பணம் இல்லையென்றால், நாலு நிமிஷம் அம்மாவின் கண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் சொல்ல முடியாது. இல்லை, சொல்ல முடியும். அவனும் “பரவாயில்லப்பா” என்றுதான் சொல்வான்.

யோசிக்க இடம் இருக்கிறவனுக்குத்தான் இந்தப் பிரச்னை பிரச்னையாக வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே வண்டியின் பெண்கள் பெட்டியில் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டும் பூக் கட்டிக்கொண்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரயில் என்பது அடுப்படியின் நீளம். இல்லிச்சின் நிழலுக்குள் இன்னொரு நிழல். உள்ளூரில் எனக்கு 22,000 ரூபாய் இருக்கிறது. அவர்களுக்கு உள்ளூரில் ஒன்றும் இல்லை, ஆகவே எடைபோட எதுவும் இல்லை. என் பக்கத்துப் பெட்டியில் அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது நான் படிக்கப் போகும் புத்தகம் எதுவாக இருந்தாலும் அது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

சென்னைக்குப் பதில் எழுத இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வேண்டாம் என்று எழுதுவதானால் காரணம் என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அம்மாவின் கண் என்று எழுதினால் அது அவள்மேல் போடுகிற பழி. தூரம் என்றால், எத்தனையோ பேர் வருகிறார்களே என்பார்கள். சம்பளம் போதாது என்று எழுதலாம், அது உடனே புரியும். ஒருவேளை இரண்டாயிரம் கூட்டித் தருவதாகப் பதில் வரும். அப்புறம் 36,000-ஐ 300-ஆல் வகுக்க வேண்டும்.