தொண்டும் வாக்கும்

சிவமயம்

திருவில்லிபுத்தூர் என்றவுடன் ஆண்டாள் திருக்கோயிலும் அதன் உயர்ந்த கோபுரமுமே பலர்க்கும் நினைவில் எழும். அவ்வூரின் ஒருபால், மடவார்வளாகம் என்னும் இடத்தே, வைத்தியநாதப் பெருமான் எழுந்தருளியிருத்தலைச் சைவ நன்மக்கள் அறிவர். பேறுகால நோவுற்று வழியிடைத் தனித்து வருந்திய சூலி ஒருத்திக்கு, அவள் தாய் வந்து சேர்வதற்குமுன், பெருமான் தாமே தாய்வடிவு தாங்கி வந்து உதவினார் என்பது அத்தலத்து வரலாறு. அண்மையில் அத்திருக்கோயிற் பிராகாரத்தில் யான் அமர்ந்திருந்தபோது, விடுமுறையில் வந்திருந்த இராசபாளையத்து மாணாக்கர் ஒருவர் அருகணைந்து வணங்கி ஓர் ஐயம் நிகழ்த்தினார். அவ்வையம் அவரொருவர்க்கே உரியதன்று. பொதுப்பணியிற் புகும் சைவர் யாவர்க்கும் உரியது. ஆகலின் ஈண்டு ஆராயப்படுகின்றது.

அம்மாணாக்கர் பிரித்தானிய நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற் பயில்பவர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்து மாணவர் சங்கங்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் தேசியப் பேரவை ஒன்றும் 1991-இல் தோன்றியது. இச்சங்கங்கள் ஆண்டுதோறும் வாக்கெடுத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் முதலியோரைத் தெரிந்தெடுக்கும். அவருடன் நலப் பொறுப்பாளர் ஒருவரையும் தெரிந்தெடுக்கும் வழக்கம் சிலவற்றில் உண்டு. ஊரும் உறவும் நீங்கித் தனிமையுற்றோர், புலாலுணவு கொள்ளாமையால் உண்டிக்கு இடர்ப்படுவோர், தேர்வச்சத்தால் உறக்கமிழந்தோர், வீட்டில் இறப்பு நேர்ந்தும் போதற்கு இயலாது அறையினுள் அழுவோர் ஆகிய இவர்களை நாடி ஆறுதல் அளித்தலும், தக்க மருத்துவரிடத்தும் அறிஞரிடத்தும் ஆற்றுப்படுத்தலும் அவர் கடன். அப்பொறுப்பிற்கு நிற்குமாறு நண்பர் அவரை வேண்டினராம்.

அவர் வினாவியது இது: “ஐயா, தொண்டு செய்தற்கு எனக்கு வாக்களியுங்கள் என்று பலர் முன் நின்று கேட்பது, என்னை யானே புகழ்வதாகாதோ? ‘யான் அன்புடையேன், யான் பொறுமையுடையேன்’ என்று சொல்லிக்கொள்பவனிடத்து அன்பும் பொறுமையும் எங்ஙனம் நிற்கும்? கேளாது ஒதுங்கினாலோ, பேர் விரும்பும் ஒருவர் அவ்விடத்தைப் பெறுவர், துயருற்றோர்க்குத் துணையில்லை. யான் யாது செய்வல்?”

இவ்வினா எளிதன்று. நம் சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலங்களுள் ஆணவத்தை மூலமலம் என்று கூறும். அஃது உயிரோடு அநாதியே கலந்து நிற்பது. பிறவற்றை மறைத்து நிற்பதோடு தான் நிற்றலையும் மறைப்பது. செல்வத்திலும் கல்வியிலும் தோன்றும் செருக்கை ஒருவன் ஒருகாற் கண்டுகொள்ளுதலும் கூடும். தொண்டினுள் ஒளிந்து நிற்கும் செருக்கையோ காண்டல் அரிது. ஏனெனில் அது பணிவின் உடையை உடுத்து நிற்கும். சரியையைத் தாசமார்க்கம் என்று நம் ஆசிரியர் வகுத்தனர். அடிமைக்குத் தனக்கென ஒரு பெயரும் ஊதியமும் இல்லை. அத்தகைய அடிமைத் திறத்தை வாக்கெண்ணிக்கையால் ஒருவனுக்கு உரிமையாக்குதல் முரண் அன்றோ எனின், தடை தக்கதே. ஆயினும் அதனால் முடிவு பெறப்படவில்லை. என்னை? பொறுப்பை மறுத்து ஒதுங்குதலும் அவ்வாணவத்தின் தொழிலாதல் கூடும். ‘என் கை மாசுபடலாகாது’ என்று எண்ணி, அழுவோனை அழவிட்டுத் தன் தூய்மையைக் காத்துக்கொள்பவன் காத்தது தன்னையே.

பெரியபுராணத்தில் இதற்கு விளக்கமாக இருவர் வரலாறு உண்டு. திருச்சேய்ஞலூரிற் பிறந்த விசாரசருமர், பசுவொன்று கொம்பால் முட்டப் புகுதலும் ஆயன் அதனைக் கோலால் அடித்தலைக் கண்டார். கண்டு உள்ளம் பதைத்தார். அவனை விலக்கி, ‘இனி இந்நிரையை யானே மேய்ப்பேன்’ என்று முன்வந்தார். ஊர் அந்தணர் இசைவும் பெற்றார். அவர் அப்பணியைத் தாமே கேட்டு ஏற்றார் என்பது கருதத்தக்கது. ‘மேய்த்தலில் வல்லேன்’ என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டிலர். அடியுண்ட பசுவின் நோவே அவரைக் கேட்பித்தது.

மற்றவர் மதுரை மூர்த்தி நாயனார். பெருமானுக்குச் சந்தனக்காப்பு அளிப்பதே அவர் திருப்பணி. அயல் மன்னன் தடையாற் சந்தனம் கிடையாதபோது தம் முழங்கையையே கல்லில் தேய்த்தார். அம்மன்னன் மகவின்றி இறக்க, அமைச்சர் யானையைக் கண்கட்டி விடுத்தனர். அது திருக்கோயில் வாயிலில் நின்ற நாயனாரைப் பணிந்தெடுத்துப் பிடரியில் வைத்தது. அவர் ஆட்சியைக் கேட்டிலர்; வந்ததை வெறுத்து ஓடியதும் இலர். சைவம் தழைக்குமாயின் ஏற்பல் என்று உரைத்து, மணிமுடி முதலியன விடுத்துத் திருநீறு, உருத்திராக்கம், சடைமுடி என்னும் மூன்றினையே அரசுரிமைப் பொருளாகக் கொண்டு ஆண்டார்.

ஒருவர் கேட்டு ஏற்றார், ஒருவர் கேளாது ஏற்றார், இருவரும் நாயன்மார். எனவே கேட்டல் குற்றமும் அன்று; கேளாமை குணமும் அன்று. கேட்கச் செய்தது யாது என்பதே நோக்கத்தக்கது. பிறர் நோவு கேட்பித்ததாயின் அது தொண்டு. பேர்விருப்பம் கேட்பித்ததாயின் அது வாணிகம்.

அற்றேல், தன்னுள்ளத்தே கேட்பித்தது இவ்விரண்டனுள் எது என்று ஒருவன் அறியுமாறு யாங்ஙனம்? அதற்கு யான் நூலினின்றும் அன்றி என் வாழ்விற் பிழைத்த ஒன்றினின்றும் விடை கூறுகின்றேன். இளமையில் மடத்துப் பாடசாலை ஒன்றில் யான் பயின்ற காலத்து, மாணவர் கழகச் செயலாளனாக இரண்டு வாக்கு மிகுதியால் தெரிந்தெடுக்கப்பட்டேன். அவ்விரண்டு வாக்கும் என் தலையில் மணிமுடி போல் இருந்தன. குருபூசை விழா அணித்தாயிற்று. சொற்பொழிவாளர்க்கு ஓலை எழுதுதலும் பந்தற்கு இடம் வகுத்தலுமாக ஓயாது திரிந்தேன். ஓரிரவு கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் என் அறைவாயிலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. ‘விழா முடிந்தபின் வா’ என்றேன். மறுநாள் அவனைக் காணவில்லை. பின் அவன் பயில வரவும் இல்லை. அவன் தாய் நோயுற்ற செய்தி வந்ததும், ஊர் செல்லுதற்குக் கையிற் பொருளின்றி அவன் இருநாள் உண்ணாதிருந்ததும், மடைப்பள்ளியிற் சமைக்கும் பெரியவர் ஒருவர் தம் கூலியினின்று வழிச்செலவு தந்து விடியுமுன் அவனை அனுப்பியதும் பின்னரே அறிந்தேன். அப்பெரியவர்க்கு ஒருவரும் வாக்களித்ததில்லை. விழாவோ மிகச் சிறப்பாக நடந்தது; என்னைப் பலரும் பாராட்டினர். அப்பாராட்டு இன்றும் என் செவியில் கைக்கிறது.

ஆதலின் தன்னை ஆராய்வோன் இரண்டு வினாக்களைத் தன்னுட் கேட்டுக்கொள்க. தோற்றால் இப்பணியை விடுவேனோ? செய்த உதவி பிறர் பெயரால் வழங்கினால் வருந்துவேனோ? இவ்விரண்டிற்கும் ‘இல்லை’ என்று உள்ளம் நடுங்காது விடை கூறுமாயின் அவன் தயங்காது நிற்கலாம்.

இரண்டாவது வினாவிற்குத் திங்களூர் அப்பூதியடிகளே இலக்கியம். அவர் தண்ணீர்ப்பந்தர் வைத்தார். சோலையும் குளமும் அமைத்தார். அவற்றிற்கெல்லாம் தாம் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். ‘நும் பேர் எழுதாது வேறொரு பேர் எழுதியது என்னை?’ என்று வந்தவர் கேட்டபோது வெகுண்டனரேயன்றி, தம் பெயர் மறைந்ததற்கு இரங்கினாரல்லர். கேட்டவர் அந்நாவுக்கரசரே என்பதை அன்பர் அறிவர்.

முதல் வினாவிற்கு, அம்மாணாக்கர் ஊரினின்றே ஒரு சான்று காட்டலாம். இராசபாளையத்துப் பெருமகனார் பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கியவர். 1952 பொதுத்தேர்தலில் அவர் திருவில்லிபுத்தூரில் தோல்வியுற்றார். முதலமைச்சர் தம் ஊர்ப் பக்கத்தே தோற்றல் சிறிய செய்தியன்று. ஆயினும் அவர் பொதுவாழ்வு அத்தோல்வியோடு முடியவில்லை. பின்னர் ஒரிசா மாநில ஆளுநராகப் பணியாற்றினார். தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்கென வழங்கிய அவர் ஈகையை அவ்வூரார் இன்றும் போற்றுவர். வாக்கு கொடுத்தது பதவியை. பதவி நீங்கியபோது வாக்கு கொடாதது அவரிடத்தே எஞ்சி நின்றது.

இனித் தெரிவோர் கடன் கூறுதும். நிற்போனைப் பற்றி ஆராயும் நாம் வாக்களிப்போனை மறத்தல் கூடாது. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது, ஒருவனை ஆராயாது தெளிதலும், தெளிந்தபின் ஐயுறுதலும் ஒருங்கே தீங்காதல் பற்றியே. முதற் பராந்தக சோழன் காலத்து, 921-ஆம் ஆண்டைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. முப்பது குடும்புகளினின்றும் தக்கார் பெயர் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பிப்பர். முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டு எழுபதிற்குட்பட்டோரே உரியர். அண்மை மூன்றாண்டிற்குள் வாரியம் செய்தவர் உரியரல்லர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை என்ற வரையறை இக்காலத்திற்கு ஒவ்வாது. ஆயினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்ற விதி எக்காலத்திற்கும் ஏற்புடைத்து.

ஆனால் நலப் பொறுப்பாளரின் கணக்கு ஏட்டில் எழுதப்படுவதன்று. ஏரி வாரியத்தார் வெட்டிய மண்ணை அளந்து காட்டலாம். அழுதவன் தன்னிடம் சொன்ன மறையை ஒருவன் எங்ஙனம் அளந்து காட்டுவான்? காட்டினால் அதுவே நம்பிக்கைத் துரோகமாம். நன்கு செய்த பணி புறத்தார்க்குத் தோன்றாது. தோன்றுமாறு செய்த பணி பெரும்பாலும் நன்கு செய்யப்படாதது. ஆகலின் பொருளாளரைத் தெரிதலினும் இவரைத் தெரிதற்கண் பன்மடங்கு விழிப்பு வேண்டும். மேடையில் நன்கு பேசியவர், தம் ஊரினர், தம் வகுப்பினர், விருந்தளித்தவர் என்ற காரணங்களால் இப்பொறுப்பிற்கு வாக்களிப்போர், முகமறியா ஒரு மாணாக்கன் நள்ளிரவிற் கதவைத் தட்டும்போது அக்கதவு திறவாமைக்குத் தாமும் உடந்தையராவர். ‘எனக்குத் துயர் வந்தால் இவரிடம் வாய்திறந்து சொல்வேனோ?’ என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டு வாக்களிப்பின் பெரும்பாலும் பிழை நேராது. கேட்டற்குப் பொறுமை, கேட்டதைக் காத்தற்கு உறுதி, தன்னால் ஆகாததை வல்லாரிடம் ஒப்புவித்தற்குப் பணிவு ஆகிய இம்மூன்றும் உடையாரையே நாடுக. உளநோயுற்றானுக்கு மருந்தறியாதவன் அறிவுரை மட்டும் கூறி இருத்தலும் செருக்கின் வகையே.

தொண்டினைத் தன்செயலாகக் கருதாது இறைபணியாக நிற்றலைச் சிவஞானபோதம் பத்தாம் சூத்திரம் அறிவுறுத்தும். அடியாரொடு கூடி அவரை அரனெனவே தொழுதலைப் பன்னிரண்டாம் சூத்திரம் அறிவுறுத்தும். இவ்விரண்டும் ஒருங்கு இயையும் இடம், துயருற்றான் ஒருவன் முன் நாம் அமரும் இடம். அவனை ‘என் உதவி பெறுவோன்’ என்று நோக்காது சிவன் உறையும் இடமென நோக்குங்கால், உதவுவோன் உயர்வும் பெறுவோன் தாழ்வும் ஒருங்கே அறும்.

விசாரசருமரே பின்னர்ச் சண்டேசுரராய்த் தொண்டர்க்கெல்லாம் தலைமை பெற்றார். சோழர் காலத்துத் திருக்கோயில் நிலவிற்பனைகள் அவர் பெயரால் நிகழ்ந்தன. ‘சண்டேசுரப் பெருவிலை’ என்ற கல்வெட்டு வழக்கு அதனைக் காட்டும். இன்றும் நாம் வழிபாடு முடிந்து மீள்கையில் அவர் திருமுன் நின்று, சிவன் சொத்தாகிய எதனையும் கொண்டு செல்லவில்லை என்பதற்கு அறிகுறியாகக் கைகளை விரித்துக் காட்டுகின்றோம். பொறுப்பேற்றார் யாவரும் ஆண்டின் முடிவில் அங்ஙனம் கைவிரித்துக் காட்டக் கடவர். செய்த உதவியால் வந்த புகழும் சிவன் சொத்தே. அதனைக் கொண்டு செல்லுதலும் களவே.

இவையெல்லாம் அம்மாணாக்கர்க்கு எடுத்துரைத்தேன். சிறிது நேரம் வாளாவிருந்து, “தோற்றால் என் அறை எண்ணை எழுதிக் கதவில் ஒட்டிவைப்பேன், ஐயா” என்றார். “தம்பி, வென்றாலும் அதனையே செய்க” என்றேன். அப்போது மாலைப்பூசை மணி ஒலித்தது. இருவரும் எழுந்து, தாயாக வந்து உதவிய வைத்தியநாதப் பெருமான் திருமுன் சென்றோம். அன்று உதவியவர் பெயர் இன்னதென்று அச்சூலி கேட்டறியவில்லை. உதவி முடிந்தபின்னரே உதவியது யார் என்பது தெரிந்தது.

திருச்சிற்றம்பலம்