பிறர் நம்பிக் கொடுத்தவை

புதிய கணினிக்கு எல்லாம் மாற்றியாகிவிட்டது. பேக்கப்பில் உள்ள கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட்டேன். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் இன்னும் நன்றாக ஓடுகிறது. தெரிந்த ஒரு மாணவருக்குக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன் அதைத் துடைக்க வேண்டும்.

*

டெலீட் கொடுத்ததும் கோப்பு போய்விட்டது என்று நினைக்கிறோம். ஹார்ட் டிஸ்க்கில் அது போவதில்லை. அந்த இடம் இனிக் காலி என்று கணினி தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குவிக் ஃபார்மேட்டும் அப்படித்தான்: பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் புத்தகத்தை அப்படியே கையில் கொடுப்பது. அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது இருக்கும். மீட்பு மென்பொருள் வைத்திருக்கும் எவரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

*

ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 158 பழைய டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் இருந்தன. ஏழு வயதுக் குழந்தையின் புற்றுநோய்ச் சிகிச்சை திருப்தியாக இல்லை என்று தகப்பன் மருத்துவருக்கு எழுதிய கடிதமும் இருந்தது.

அந்தக் கடிதத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. தன் நோய் ஒரு டிஸ்க்கில் ஏறி, கடைக்குப் போய், முகம் தெரியாதவர் கைக்கு வந்தது அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

*

என் டிஸ்க்கில் இருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். விண்ணப்பம் போடுவதற்காகத் தங்கை அனுப்பிய ஆதார் நகல். படித்துப் பார்க்கச் சொல்லி நண்பர் கொடுத்த வீட்டுப் பத்திரம். என்னுடையது என்று சொல்ல அதில் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதியெல்லாம் ஒரு காரியத்துக்காகப் பிறர் நம்பிக் கொடுத்தவை. காரியம் என்றோ முடிந்துவிட்டது, நகல்கள் தங்கிவிட்டன.

*

பழைய கணினியில் இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். துடைப்பதற்கு என்வைப் என்ற இலவச மென்பொருள். திரையில் காட்டும் சீரியல் நம்பரையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளதையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டேன். தவறான டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் மீட்க வழி கிடையாது.

*

காந்தப் பூச்சின் ஒவ்வொரு புள்ளியும் எப்போதும் ஏதோ ஒரு திசையில்தான் நிற்கும். எதுவும் எழுதாத வெற்றிடம் என்று அங்கே ஒன்றில்லை. அதனால் அழிக்க வேண்டுமென்றாலும் எழுதத்தான் வேண்டும்: முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை பூஜ்யம்.

கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் 35 சுற்று எழுதும் முறையை முன்வைத்தார். அது அன்றைய டிஸ்க்குகளின் பலவகைப் பதிவு முறைகளை மனதில் வைத்துச் சொன்னது. இன்றைய காந்த டிஸ்க்குக்குப் பொதுவாக ஒரு சுற்றே போதும் என்கிறது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி. அந்த ஒரு சுற்றுக்கே சில மணி நேரம் ஆகிறது. முடிந்தபின் அங்கங்கே சில செக்டர்களைப் படித்துப் பார்த்தேன். வரிக்கு வரி 00 00 00.

*

தட்டுகளுக்குப் பதில் சில்லுகளில் எழுதும் எஸ்எஸ்டிக்கு இந்த வழி போதாது. சில்லுகள் சீராகத் தேய வேண்டுமென்று அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். பழைய பிரதி நம் கைக்கு எட்டாத மூலையில் தங்கிவிடலாம். அதற்குத் தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். வாங்கிய அன்றே முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்துவைப்பது இன்னும் நல்லது. பிறகு அந்த என்கிரிப்ஷன் சாவியை அழித்தாலே போதும். ஓடாமல் நின்றுபோன ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. அதன் தட்டுகளைச் சிதைத்த பிறகே மின்கழிவுக்குக் கொடுக்க வேண்டும்.

*

இந்தச் சில மணி நேரத்தை அம்மாவோ தங்கையோ நண்பரோ என்னிடம் கேட்கப்போவதில்லை. இப்படியொரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கேட்கத் தெரியாதவர்களுக்காகத்தான் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.