மழையில் நனைந்த குவியல்

பழைய ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் போன்ற இங்கிலாந்துக் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே, வாங்கலாமா என்று அவலூர்பேட்டைச் சகோதரர் ஒருவர் வினவினார். வாங்குவது ஹலால்தான், பெருமைக்காக வாங்குவதே கூடாது. ஆனால் இதில் விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய சொகுசுக் கார்கள் பல, இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழியே ஏலத்துக்கு வந்தன. அத்தகைய காரைத் துடைத்து மெருகேற்றினால் பார்வைக்குப் புதிது. உள்ளே ஒயர்கள் அரித்துப்போயிருக்கும். “மழை செய்ததற்கு நான் என்ன செய்வேன்?” என்பார் விற்பவர்.

இதே சமாதானத்தைத் தானிய வியாபாரி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார். குவியலுக்குள் கைவிட்ட அவர்களின் விரல்களில் ஈரம் பட்டிருந்தது. நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்தார்கள். மழை அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

“பிறகு குறை சொல்லக் கூடாது” என்று நிபந்தனை போட்டு விற்றால்? அது சட்டப்படி எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இல்லை.

இப்னு உமர் (ரலி) அவர்கள் அந்நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் இருப்பதாக முறையிட, குறை தெரியாது எனச் சத்தியம் செய்யும்படி உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றார்கள். அவர் குணமானபின் கிடைத்த விலை 1,500 திர்ஹம்!

சகோதரரே, வாங்குமுன் கேளுங்கள். நாளை விற்கும்போது நீங்களே சொல்லுங்கள். பரக்கத் அதில்தான் இருக்கிறது.