ஓட்டத்தை முடித்தவர்



பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், சில வாரங்களுக்கு முன் பூசை முடிந்தபின் சக்கிரீஸ்து வாசலில் வந்து நின்றார். வயது 46. பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லாமலே உங்களிற் பலர் கண்டுகொள்வீர்கள். ஏனெனில் அவர் ஓடியதைப் பாதி ஊர் பார்த்துச் சிரித்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னார். தினமும் நடக்கவேண்டுமென்றும் சொன்னார். "தறிக் குழியில் பத்து மணி நேரம் காலால் மிதித்துக்கொண்டுதானே இருக்கிறேன், அது போதாதா ஐயா?" என்று இவர் வாதாடினாராம். போதாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். அன்று முதல் விடியுமுன் எழுந்து சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாயிற்று. பிறகு அறிஞர் அண்ணா மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்.

இந்த ஓட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி நம் ஊரிலே பிறந்த அண்ணாவின் பெயரால், அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் மாவட்டந்தோறும் நடத்தி வருவது. 17 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர். 25-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். பெண்களுக்கு எந்த வயதிலும் 5 கிலோமீட்டர். முதல் மூவருக்கு ரூ.5,000, ரூ.3,000, ரூ.2,000 என்றும், நாலாவது முதல் பத்தாவது வரை வந்தவர்களுக்கு ஆளுக்கு ரூ.1,000 என்றும் பரிசு. முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தூரம். ஆனாலும் நம் ஊர் வெயிலில் 10 கிலோமீட்டர் ஓடியவனிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நம் நெசவாளர் கடைசியாய் வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது துணிப் பதாகையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரில் போன பையன்கள் கூடவே வந்து கைதட்டிக் கேலி செய்தார்கள். இதெல்லாம் அவருக்குப் பெரிதல்ல. எல்லைக்கோட்டருகே காத்திருந்த அவருடைய மகன், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, தகப்பனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் அவர் நெஞ்சில் தைத்தது.

"சாமி, கடைசியாய் வருவதற்கா ஒரு வருஷம் இருட்டிலே எழுந்தேன்? அடுத்த தடவை பேர் கொடுக்கட்டுமா, விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எனக்கு யோசனை தேவையாயிருந்தது என்பதல்ல, வெட்கம் தடுத்தது. அதன் காரணத்தை இன்று எல்லாரும் அறியச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 22 வயதில், நான் படித்த குருமடத்தில், திருநாளையொட்டி ஒரு நீண்ட ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். வெல்வேன் என்று நினைத்து ஓடினேன். பாதி வழியில் பார்த்தால் எனக்கு முன்னே நாலு பேர். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒருவருமில்லை. உடனே கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். கணுக்காலுக்கு ஒன்றுமில்லை. பின்னால் வந்த ஒரு தோழர் தம் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள், துணி சுற்றினார்கள். பொய்யைக் காப்பாற்ற இரண்டு நாள் நொண்டினேன். மூன்றாம் நாள் எந்தக் காலில் நொண்டினேன் என்பது எனக்கே மறந்துபோயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொல்லி மன்னிப்படைந்தேன். ஆனால் அந்த ஓட்டம் இன்றுவரை முடியாமலே கிடக்கிறது.

இனி அர்ச். சின்னப்பரிடம் வருவோம். ஓட்டப் பந்தயத்தைப் பற்றி அவர் எழுதியது கொரிந்து நகரத்தாருக்கு. முதல் நிருபம், 9-ம் அதிகாரம். அந்த ஊருக்கு அருகே இஸ்த்மியா என்னுமிடத்தில் இரண்டு வருஷத்துக்கொருமுறை பெரிய விளையாட்டு விழா நடந்துவந்தது. சின்னப்பர் ஒன்றரை வருஷம் அவ்வூரில் தங்கி, அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளோடு கூடாரம் செய்து பிழைத்தார் என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. நம் நெசவாளர்களைப்போலக் கைத்தொழிலால் சோறு தின்றவர் அவர். விழாவுக்கு வந்த கூட்டம் தங்கக் கூடாரம் வேண்டியிருந்திருக்கும். அவரும் அங்கே வேலைக்குப் போயிருக்கலாம், பந்தயத்தைக் கண்ணால் பார்த்திருக்கலாம் என்று வேதநூல் அறிஞர் சிலர் கருதுவார்கள். அங்கே இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்பதில்லை. வென்ற ஒருவனுக்கு மட்டும் இலைகளால் கட்டிய முடி. சில நாளில் அதுவும் உலர்ந்துபோகும்.

ஓடுகிறவர் பலர், பரிசு பெறுகிறவன் ஒருவனே, நீங்களும் பெறும்படி ஓடுங்கள் என்ற கருத்தில் சின்னப்பர் அங்கே எழுதுகிறார். அப்படியானால் நம் நெசவாளரின் கதி என்ன? பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்கிற ஓட்டத்திலேயே ஒன்றும் கிடையாதவர் ஆயிற்றே!

திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் விளங்கும். அப்போது அவர் விலங்குபூண்ட கைதி. சாவு நெருங்கிவிட்டது என்று அறிந்தவர். தம் ஆயுள் முழுவதையும் கணக்குப் பார்க்கிறார். இராயப்பரை முந்தினேன் என்று சொன்னாரா? அருளப்பருக்கு முன்னே வந்தேன் என்று சொன்னாரா? எத்தனையாவது இடம் என்ற பேச்சே அங்கில்லை. ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்கிறார், அவ்வளவே. தமக்கென வைத்திருக்கும் முடி தமக்கு மட்டுமல்ல, ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் யாவருக்கும் உண்டு என்றும் சொல்லுகிறார். கொரிந்தியருக்கு ஒருவனுடைய முடியைக் காட்டியவர், சாகுமுன் அதை எல்லாருக்கும் பங்கிட்டுவிட்டார்.

இதைக் கேட்டுச் சோம்பேறிகள் சந்தோஷப்பட வேண்டாம். முடிக்காதவனுக்கு முடி உண்டென்று அவர் சொல்லவில்லை. உடலை அடக்கிப் பழக்குவதைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் கடைசியாய் ஓடுகிறவனுக்கும் பொருந்தும். விடியற்காலம் நாலரை மணிக்குப் போர்வையைத் தள்ளுவதில் முதலாம் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் என்ன வித்தியாசம்? பரிசுக்கென்று இல்லாமல் ஓடுகிறவர்களை அமெச்சூர் என்கிறார்கள். குருமடத்தில் படித்த லத்தீன் இங்கே உதவுகிறது. 'அமாத்தோர்' என்றால் நேசிக்கிறவன்; அதிலிருந்து வந்ததே இச்சொல்.

1912-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஷிசோ கனகுரி என்ற ஜப்பானிய வாலிபர் மாரத்தான் ஓடினார். அன்று கடும் வெயில். ஓடியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முடிக்கவில்லை. போர்த்துக்கல் தேசத்து ஓட்டக்காரர் ஒருவர் வெயிலில் விழுந்து மறுநாள் இறந்தே போனார். கனகுரி நடுவழியில் தளர்ந்து ஒரு வீட்டுத் தோட்டத்தில் நீர் அருந்தி இளைப்பாறினார். அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமலே வெட்கத்தோடு ஊர் திரும்பினார். 1967-ல் சுவீடன் நாட்டார் அவரைத் தேடி அழைத்தார்கள். 75 வயதுக் கிழவராய் அதே அரங்கத்துக்கு வந்து, விட்ட ஓட்டத்தை ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார். அவருடைய நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20 விநாடியும் சொச்சமும் என்று எழுதிவைத்தார்கள். மாரத்தான் ஓட்டத்தில் அதைவிட மெதுவாய் வந்தவர் உலகத்தில் இல்லை. கணுக்கால் பொய்க்காரனாகிய நான் இதை வாசித்த அன்று வெகுநேரம் தூங்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு விஷயம். சாலை ஓட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு விடியற்காலையில் வைக்கப்படுகின்றன. 2012-ல் தொடங்கிய சென்னை மாரத்தானுக்கும் மற்ற ஓட்டங்களுக்கும் நம் பிள்ளைகள் நள்ளிரவில் பஸ் ஏறிப் போய், மத்தியானம் வந்து படுத்துவிடுகிறார்கள், பூசை போய்விடுகிறது. தாய்மார் இருவர் என்னிடம் வந்து அழுதார்கள். ஓடுவதே உலக ஆடம்பரம் என்று ஒரு பெரியவர் கோபித்தார். அவருக்குச் சொல்கிறேன்: வத்திக்கானுக்கே 2019 முதல் ஓட்டக் குழு ஒன்று இருக்கிறது; குருக்கள், கன்னியர், சுவிஸ் காவலர் எல்லாரும் அதில் ஓடுகிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிட்டல் என்ற ஸ்காட்லாந்து வாலிபர், தாம் வெல்லக்கூடிய 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என்பதற்காக ஓட மறுத்தார். வேறு நாளில் 400 மீட்டர் ஓடித் தங்கம் பெற்றார். நம் சபையைச் சேராத சகோதரர் அவர். பின்பு சீனத்தில் வேதபோதகராயிருந்து 1945-ல் சிறைமுகாமில் மரித்தார். அவர் அளவுக்கு உங்களிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக் கடனைச் சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே நிறைவேற்றலாமென்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248-ம் விதி இடங்கொடுக்கிறது. சனி மாலை 6 மணிப் பூசைக்கு வந்துவிட்டு, இரவு நேரத்தோடு படுத்து, மறுநாள் நன்றாய் ஓடுங்கள். பூசைக்கு நேரமில்லை, ஓட நேரமுண்டு என்ற சாக்கை மட்டும் இனி என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேளாமல் ஓட இறங்கக்கூடாது. ஸ்டாக்ஹோமில் இறந்தவர் வாலிபர்தான் என்பதை மறவாதீர்கள். நெஞ்சில் வலி கண்டால் உட்கார்ந்துவிடுங்கள். அப்படி உட்காருவது என் கணுக்கால் கதையோடு சேராது.

சென்ற வியாழக்கிழமை நம் நெசவாளரின் வீட்டுக்குப் போனேன். அவர் தறியில் இருந்தார். மகன் அருகே உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து, "ஏன் தம்பி, இந்தச் சேலை எத்தனை நாளாய்த் தறியில் இருக்கிறது?" என்று கேட்டேன். பதினாறு நாள் என்றான். "பக்கத்துத் தறிக்காரர் பத்து நாளில் முடித்துவிட்டாரென்றால் இதைப் பாதியில் அறுத்துவிடுவீர்களா?" என்றேன். பையன் ஒன்றும் பேசவில்லை; தகப்பனுடைய காலைப் பார்த்தான்.

அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்படி அவரிடம் சொன்னேன். நானும் கொடுக்கப்போகிறேன் என்றும் சொன்னேன். எனக்கு 43 வயது. இருவருக்கும் ஒரே பிரிவு, அதே 10 கிலோமீட்டர். அவர் தறியை நிறுத்திவிட்டு என் வயிற்றை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியானால் இந்தத் தடவை நான் கடைசி இல்லை, சாமி" என்றார்.