சரிபார்க்கக் கொடுத்த சான்றிதழ்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமானூரில் நர்சிங் முடித்த பெண் வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்தாலும், ஐடிஐ முடித்த பையன் அரியலூர்ச் சிமெண்ட் ஆலை ஒன்றில் ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தாலும், முதலில் போய் நிற்பது ஜெராக்ஸ் கடையில்தான். ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துக்கொள்வார்கள். கேட்கிற இடத்துக்கு எது தேவை, எது தேவையில்லை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று குறைந்தால் மறுபடி அலைய வேண்டுமே என்ற பயம். கடைசியில் ஒரு படிவத்தில் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு மேலே, பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலத்தில், தரப்பட்ட விவரங்களைச் சரிபார்ப்பதற்காக நிறுவனம் தன் வணிகக் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும்.

நம்பி ஒருவரிடம் கொடுத்த விவரத்தை, சரிபார்க்க வேண்டும் என்ற காரணத்துக்காக அவர் இன்னொருவரிடம் கொடுப்பது அறமா? கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே அது அறமாகிவிடுமா?

சரிபார்ப்பதே தவறு என்று யாரும் வாதிட முடியாது. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவருக்காக வேறொருவர் நீட் தேர்வு எழுதியது வெளிவந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. போலி மதிப்பெண் பட்டியலோடு வேலைக்கு வருகிறவர் முதலாளியை மட்டும் ஏமாற்றுவதில்லை. ராப்பகலாகப் படித்து, உண்மையான சான்றிதழோடு அதே வரிசையில் நின்ற இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்கிறார். சுண்ணாம்புக்கல் லாரியை ஓட்டுகிறவரின் கனரக உரிமம் பொய்யென்றால் சாலையில் போகிற எவருடைய உயிரும் பணயம். ஆகவே கேட்பதும் சோதிப்பதும் முதலாளியின் உரிமை மட்டுமில்லை, கடமையும்கூட.

தமிழருக்கு இது புதிய பாடமும் இல்லை. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்ட பாண்டியனால்தான் கோவலன் கொலையுண்டான். சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் அதே காப்பியத்தில் அதிகம் பேசப்படாத இன்னொருத்தி இருக்கிறாள். இடைக்குல மூதாட்டி மாதரி. கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம்தான் அடைக்கலமாக ஒப்படைத்தார். தன்னிடம் விடப்பட்டவர்களைக் காக்க முடியவில்லை என்று அவள் தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். தவறு செய்தவள் அவளில்லை. தீர்ப்பு சொன்னது வேறு யாரோ, வெட்டியது வேறு யாரோ. ஆனாலும் ஏற்றுக்கொண்ட பொறுப்பை அவள் யார் மேலும் தள்ளிவிடவில்லை. சோதிக்க வேண்டிய கடமை, ஒப்படைக்கப்பட்டதைக் காக்க வேண்டிய கடமை என்ற இரண்டையும் ஒரே நூல் வைத்திருக்கிறது. இன்றைய நிறுவனங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைப் படிவத்தின் பொடி எழுத்தில் கழித்துவிடுகின்றன.

அரசு வேலையில் இந்தச் சோதனை நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் மதிப்பெண் சான்றிதழ் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய், உண்மைத்தன்மை உறுதியாகி வர வேண்டும். பணிவரன்முறைக்கு அது தேவை. தாமதம் ஆகும், அலைச்சலும் உண்டு. அந்தக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கேட்பது ஓர் அலுவலகம், பதில் சொல்வது சான்றிதழைக் கொடுத்த அலுவலகம். நடுவில் பெயர் தெரியாத ஆள் இல்லை. தவறு நடந்தால் எந்த மேசையில் நடந்தது என்று கேட்கலாம்.

தனியாரிடம் பாதை நீளமானது. வேலை கொடுக்கும் நிறுவனம் கோப்பைச் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அது முகவரி பார்ப்பதற்கு மாவட்ட அளவில் வேறொருவருக்குக் கொடுக்கிறது. அவர் கேஸுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓர் இளைஞரை வண்டியில் அனுப்புகிறார். அந்தப் பையன் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, போனில் இருக்கும் புகைப்படத்தைக் காட்டி, “அண்ணே, இந்தப் பேர்ல இங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்கிறார். கடையில் இருக்கும் நாலு பேரும் எட்டிப் பார்க்கிறார்கள். யார் வீட்டுப் பெண் எந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் என்பது சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். வேலை கிடைக்காமல் போனால் அதுவும் தெரியும். அந்தப் பையன் மேல் குற்றமில்லை. வாடகை வண்டிக்குப் பெட்ரோல் போட்டு நாளுக்கு இத்தனை கேஸ் முடித்தாக வேண்டியவர் அவர். ஆனால் அவர் போனில் அந்தப் பெண்ணின் படமும், பிறந்த தேதியும், தகப்பன் பெயரும், கைப்பேசி எண்ணும் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் அவை அழிந்தனவா என்று பார்ப்பதற்கு ஆள் இல்லை.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்கள், கூலித் தொழிலாளிகளின் பெயரில் போலி நிறுவனம் தொடங்கப்பட்டு, கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று குடிசை வாசலுக்கு நோட்டீஸ் வந்த செய்திகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அது ஒருமுறை நடந்ததோடு நிற்கவில்லை. கடனுக்கென்றும் வேலைக்கென்றும் கொடுத்த ஆதாரும் பானும்தான் அந்த மோசடிகளுக்கு மூலப்பொருள். ஜெராக்ஸ் காகிதம் ஆபத்தானது என்பதை அரசே ஒருமுறை சொல்லிப் பார்த்தது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டாம், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனது, ஆபத்து அங்கேயேதான் இருக்கிறது. மறைப்பு ஆதாரும் இன்றைக்கும் கிடைக்கத்தான் செய்கிறது. அதைக் கேட்கும் முதலாளிகள்தான் அரிது.

கையெழுத்துக்கு வருவோம். ஆறு மாதம் வேலையில்லாமல் இருக்கும் பையனிடம் படிவத்தை நீட்டி, சம்மதம் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொன்னால், அவன் முன்னால் இருக்கும் தேர்வு என்ன? போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மறுத்தால் ஏதாவது மிஞ்சும் என்கிற நிலையில் இருப்பவரின் சம்மதத்துக்குத்தான் எடை உண்டு. படிவமும் அவனுக்குச் சரளமாக வராத மொழியில், பெயர் சொல்லாத கூட்டாளிகளைப் பற்றிப் பேசுகிறது. இந்தக் கையெழுத்து நிறுவனத்தை வழக்கிலிருந்து காப்பாற்றலாம். பொறுப்பிலிருந்து விடுவிக்காது. கொடுத்தவன் பலவீனமான இடத்தில் நின்று கொடுத்திருக்கிறான் என்பதாலேயே வாங்கியவர் மேல் கூடுதல் கடன் ஏறுகிறது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் பாதி தூரம் வருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் படிக்கும் வசதியைத் தர வேண்டும் என்கிறது. அதாவது தமிழில் கேட்பது சலுகையில்லை, உரிமை. வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும் முதலில் வாங்கிய நிறுவனமே பொறுப்பு என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குச் சம்மதமே இல்லாமல் தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. யார் யாருக்கு என் விவரம் கொடுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையைத் தருவது 11ஆம் பிரிவு. அந்த உரிமை சம்மதம் கொடுத்தவருக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால், சம்மதம் கேட்காமலே விவரத்தை எடுத்துக்கொண்ட முதலாளியிடம், அதை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க ஊழியருக்கு இந்தச் சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் போகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் தரப்பட்டது. சட்டம் விட்டுவைத்த இடைவெளியை முதலாளியின் மனச்சாட்சிதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

தகவல் வெளியே போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். திரும்பி வருகிற பதிலால் நேரும் கேடு அதைவிடப் பெரியதாக இருக்கலாம். தமிழர் பெயருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து உண்டு. பள்ளிச் சான்றிதழில் க. செல்வி. பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் விரிந்து செல்வி கலியமூர்த்தி. ஆதாரில் முன்னெழுத்து பின்னால் போய் செல்வி கே. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. வேறு மாநிலத்தில் உட்கார்ந்து கணினித் திரையில் கட்டங்களைப் பொருத்திப் பார்ப்பவருக்கு இது ஒரே ஆளாகத் தெரிவதில்லை. பெயர் பொருந்தவில்லை என்று ஒரு குறிப்பு போகிறது. நிறுவனத்தில் அதைப் படிப்பவர் விளக்கம் கேட்பதில்லை. அடுத்த பெயருக்கு நகர்கிறார். இன்டர்வியூவில் நன்றாகச் செய்தோமே, ஏன் கூப்பிடவில்லை என்று அந்தப் பெண் மாதக்கணக்கில் தன்னையே குறைசொல்லிக்கொண்டிருப்பாள். ஒருவரைப் பற்றிய முடிவுக்குப் பயன்படும் தரவு சரியாகவும் முழுமையாகவும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்கிற சந்தேகத்தை, அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டுத் தீர்ப்பது எந்த நியாயத்திலும் சேராது.

வளைகுடா நாடுகளுக்குச் செவிலியராகப் போகிறவர்கள் கடக்கும் வழியில் குறைகள் இருந்தாலும் ஒரு நல்ல அம்சம் உண்டு. டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியும். ஆவணங்களைத் தாங்களே பதிவேற்றி, பல்கலைக்கழகத்திடமும் நர்சிங் கவுன்சிலிடமும் கேட்டுக்கொள்ளலாம் என்று அதிகாரக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார்கள். கட்டணத்தைத் தாங்களே சுமக்க வேண்டியிருப்பது தனிக் கொடுமை. ஆனாலும் கேள்வி எங்கே போகிறது, பதில் எங்கிருந்து வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. அரியலூரில் ஆள் எடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரால் இவ்வளவு செய்ய முடியாதா? படிவத்தில் சரிபார்ப்பவரின் பெயரைத் தமிழில் எழுதலாம். ஃபிட்டர் வேலைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். ஐடிஐ சான்றிதழைப் பற்றிச் சந்தேகம் என்றால் அதன் எண்ணை மட்டும் அனுப்பி, இது உண்மையா இல்லையா என்று கேட்கலாம். முழுக் கோப்பும் ஊர் சுற்ற வேண்டியதில்லை. இதற்குப் பெரிய செலவு இல்லை.

கடைசியாக, கடினமான ஒரு கேள்வி. சரிபார்த்ததில் சான்றிதழ் உண்மையிலேயே போலி என்று தெரிந்தால்? அந்த ஆளுக்கும் இதே பாதுகாப்பு உண்டா? உண்டு. அவரை வேலைக்கு எடுக்காமல் விட முதலாளிக்கு முழு உரிமை இருக்கிறது. போலி ஆவணம் குற்றம். போலீஸில் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அங்கே வழக்கு உண்டு, விசாரணை உண்டு, அவர் தன் பக்கத்தைச் சொல்ல இடமும் உண்டு. அதை விட்டுவிட்டு, இவரை எடுக்காதீர்கள் என்று அவர் பெயரையும் படத்தையும் தனக்குத் தெரிந்த கம்பெனிகளின் வாட்ஸாப் குழுவில் போடுவது தண்டனையைத் தானே கையில் எடுத்துக்கொள்வதுதான். இருபது வயதில் புரோக்கர் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டி ஏமாந்த பையனும், ஏமாற்றவே வந்தவனும் அந்தக் குழுவில் ஒன்றாகத்தான் இருப்பார்கள். பெயர் பொருந்தாமல் போன செல்விகளும் அதில் ஏறிவிடுவார்கள். ஏறியவர்கள் பெயரை நீக்கச் சொல்லி எழுத அதற்கு ஒரு முகவரிகூட இருக்காது.